தகட்டில் படிந்த கோபம்

ஆலை மூடிக்கிடந்த காலத்தில் தொட்டிக்காரரின் கோபம் மொத்தமும் அவரை விட்டுக் கழன்று, நிக்கல் தொட்டியில் தொங்கிய ஒரு இரும்புத் தகட்டில் கறுப்பாகப் படிந்துவிட்டது. சுரண்டிப் பார்த்தபோது நகத்தின் கனம் இருந்தது. ஒரே ஆளுக்குள் அவ்வளவு கோபம் எப்படி அடங்கியிருந்தது என்றுதான் ஊரில் எல்லோரும் வாயைப் பிளந்தார்களே தவிர, அது தகட்டில் படிந்ததைப் பற்றி யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. தொட்டி என்றிருந்தால் எதையாவது படியவைக்கத்தானே செய்யும்.

எங்கள் ஊர் ஆலையில் தண்ணீர்க் குழாய்களுக்கும் கதவுக் கைப்பிடிகளுக்கும் சைக்கிள் மணிகளுக்கும் முலாம் பூசுகிறார்கள். சாமான்களைத் தூக்கிக்கொண்டு தொட்டி தொட்டியாகப் போகும் இயந்திரத்தில் ஒரு பல்சக்கரம் உடைந்தது. புதுச் சக்கரம் கப்பலில் வர வேண்டும். கப்பல் எந்தக் கடலில் யாரோடு அரட்டை அடித்துக்கொண்டிருந்ததோ, வருகிற வழியாக இல்லை. மேனேஜர் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார். ஆனால் ஆட்களை வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி தொட்டியை அனுப்பிவிட முடியாது. அந்தப் பச்சைக் கரைசல் ஆறினால் அடியில் உப்புப் பூத்துக் கெட்டியாகிவிடும். வடிகட்டும் பம்பை நிறுத்தினால் தூசு தங்கிவிடும். ஆவியாகிப் போன தண்ணீருக்குப் பதில் சுத்தத் தண்ணீர் ஊற்ற வேண்டும், மூடி போட வேண்டும், நிக்கல் துண்டுகள் கிடக்கும் துணிப்பைகளைக் கழற்றித் துவைக்க வேண்டும். சும்மா கிடக்கும் தொட்டிக்கு வேலை செய்யும் தொட்டியைவிட அதிகப் பணிவிடை. ஓய்வு பெற்ற மாமனார் வீட்டில் உட்கார்ந்திருப்பது போலத்தான்.

இது தவிர, ஒரு பொய் வேலையும் கொடுக்க வேண்டும். அலை அலையாக மடித்த ஒரு வேண்டாத தகட்டைத் தொங்கவிட்டு, ரெக்டிஃபயர் என்கிற மின்பெட்டியில் மின்சாரத்தைக் கொஞ்சூண்டு திறந்துவைப்பார்கள். நல்ல நிக்கல் அந்தச் சொற்ப மின்சாரத்தைச் சட்டை செய்யாது. கரைசலில் கலந்துவிட்ட செம்பு, துத்தநாகம், ஈயம் என்று வேண்டாத கழிசடைகள்தான் ஓடிப்போய் மடிப்பின் பள்ளங்களில் கறுப்பாக ஒட்டிக்கொள்ளும். டம்மி தகடு என்று அதற்குப் பெயர். ஆலை திறக்கும்போது தகட்டைக் குப்பையில் எறிந்துவிட்டால் தொட்டி சுத்தம்.

இந்த வேலைக்கு ஆலையில் நிறுத்திவைக்கப்பட்டது மூன்று பேர். தொட்டியைப் பார்த்துக்கொள்ளத் தொட்டிக்காரர். அந்தத் துணிப்பைகளைத் தைக்கவும் துவைக்கவும் அவர் மனைவி, பைக்காரம்மா. கரைசலைச் சோதித்துச் சொல்ல லேப் மேடம். தொட்டிக்காரரின் கோபத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவர் தபால்பெட்டியோடு சண்டை போட்டிருக்கிறார். மழை நேரங்கெட்ட நேரத்தில் பெய்தது என்று மொட்டை மாடியில் ஏறி நின்று வானத்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கிறார். இதெல்லாம் சில்லறைக் கோபம். மொத்தக் கோபத்தை அவர் மகளுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். அவள் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு கப்பல் சமையல்காரனைக் கட்டிக்கொண்டு துறைமுக ஊருக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அவளைப் பற்றிப் பேசாத நாளும் இல்லை. காலையில் கண் விழித்ததும் முதல் கேள்வியே, "அந்தக் கழுதை போன் பண்ணுச்சா?" என்பதுதான். மருமகனை அவர் பெயர் சொன்னதே கிடையாது. "முட்டை உடைக்கிற பய" என்பார்.

மகள் வாரா வாரம் அம்மாவுக்குப் போன் செய்வாள். அவளுக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"அப்பா இன்னும் திட்டுறாராம்மா?"

"காலைல இருந்து திட்டிட்டுத்தான் இருக்காரு."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டு மற்ற கதைகளுக்குப் போவாள்.

ஆபத்து வந்தது தொட்டிக்காரரின் உட்காரும் பழக்கத்தால். தொட்டியின் விளிம்பில் இரண்டு பக்கமும் செப்புப் பட்டைகள் ஓடும். ஒன்றில் நிக்கல் பைகளைத் தொங்கவிடுவார்கள். மின்சாரம் அது வழியாக உள்ளே போகும். இன்னொன்றில் தகட்டை மாட்டுவார்கள். மின்சாரம் அது வழியாகத் திரும்பி வரும். டார்ச் பேட்டரி அளவு மின்சாரம்தான், தொட்டால் கூசக்கூடக் கூசாது. நிக்கல் பக்கத்துப் பட்டை ஆவி பட்டு இதமாக இருக்கும். தொட்டிக்காரர் அதன்மேல் இடது கையைச் சாய்த்துக்கொண்டு வாரக்கணக்கில் தூங்கி வழிந்தார். பட்டையில் எது தொங்குகிறதோ அதிலிருந்து எடுத்துத் தகட்டில் சேர்ப்பதுதான் தொட்டிக்குத் தெரிந்த ஒரே தொழில். அது பையென்றும் கையென்றும் பார்க்கவில்லை.

ஒருநாள் பைக்காரம்மா ஆறிப்போன டீயைக் கொண்டுபோய் வைத்தார். வேண்டுமென்றேதான். ஒரு வாரமாக வீட்டில் சத்தமே இல்லை. தொட்டிக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டுச் சிரித்தார்.

"ஆறினா என்னங்க? நீங்க நடந்து வந்து குடுத்தீங்களே, அதுவே போதும்."

கட்டின மனைவியை 'நீங்க' என்கிறாரே என்று பைக்காரம்மா அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. லேப் மேடம் தகட்டைத் தூக்கிப் பார்த்து, இது செம்பும் இல்லை ஈயமும் இல்லை என்று சொல்லி, ஒரு துண்டு சுரண்டி ஆசிட்டில் போட்டார். அது குடுவைக்குள் கிடந்தபடி லேப் மேடத்தை ஒரு கெட்ட வார்த்தை சொன்னது. குரல் தொட்டிக்காரருடையது. சோதனை அத்தோடு முடிந்தது.

செய்தி பரவ எவ்வளவு நேரமாகும்? மறுநாளே ஆலை வாசலில் கூட்டம். தன் வீட்டு ஆளை ஒரு மணி நேரம் அந்தப் பட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கவைத்தால் போதும் என்று ஆளாளுக்குக் கெஞ்சினார்கள். மேனேஜர் முதலில் எரிந்து விழுந்தார். பிறகு தொழிற்சங்கச் செயலாளரின் மனைவி தன் கணவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அந்த மனிதர், பூச்சுக் கூடத்தில் ஆவியை வெளியே தள்ளும் விசிறி ஓடவில்லை என்று பல வருடங்களாக மேனேஜரின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தவர். பட்டையைப் பிடித்துவிட்டு வந்ததும், "பாவம், விசிறியும்தான் எவ்வளவு காலம் சுத்தும், ஓய்வெடுக்கட்டும்" என்று சொன்னார். அதைக் கேட்ட மேனேஜருக்குக் காதில் தேன் பாய்ந்தது. அன்று முதல் நாற்காலி போட்டு, வரிசை கட்டி, குடிக்கத் தண்ணீர் கொடுத்து ஊரையே உள்ளே விட்டார். சந்தேகம் பச்சையாகப் படிந்தது. கஞ்சத்தனம் துரு நிறத்தில் தடிமனாகப் படிந்தது. முடிதிருத்துபவரின் புறணி மட்டும் ஒட்டாமல் செதில் செதிலாகப் பெயர்ந்து, மறுபடி மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது.

கொஞ்ச நாளில் ஊர் உருப்படாமல் போனது. நாற்சந்தியில் "நீங்க போங்க", "இல்ல இல்ல, நீங்க போங்க" என்று பஸ்கள் மதியம்வரை நின்றன. முடிதிருத்துபவர் கோணலாக வெட்டினார், யாரும் குறை சொல்லவில்லை, அதனால் மேலும் கோணலாக வெட்டினார். தெருவே ஒரு பக்கமாகச் சாய்ந்த தலையோடு நடமாடியது. டீக்கடையில் உலக நடப்பைப் பற்றி ஒருவர் ஒரு கருத்தைச் சொன்னால் மற்ற எல்லோரும் சரி என்றார்கள். அதற்குமேல் பேச ஒன்றுமில்லாமல் எழுந்து போனார்கள். பெண்டாட்டிமாரும் புருஷன்மாரும் முதல் வாரம் சொர்க்கம் என்றார்கள், இரண்டாவது வாரம் பரவாயில்லை என்றார்கள், மூன்றாவது வாரம் கொட்டாவி விட்டார்கள்.

லேப் மேடத்துக்கு இது புரிந்துவிட்டது. அவர் பைக்காரம்மாவிடம் சொன்னார்:

"தொட்டி ரொம்ப அழுக்காயிட்டா கரித்தூள் போட்டு வடிகட்டுவோம்ல, அப்ப என்ன ஆகும்? அழுக்கு போகும். கூடவே பளபளப்புக்குன்னு ஊத்தின மருந்தும் போயிடும். அப்புறம் எதப் பூசினாலும் சாம்பல் மாதிரிதான் வரும். உங்க வீட்டுக்காரருக்கும் அதான் ஆயிருக்கு."

பைக்காரம்மா இதைக் கேட்டுத் தலையை ஆட்டினார், ஆனால் அவருக்கு உறைத்தது மகளிடமிருந்து போன் வந்த அன்றைக்குத்தான். மகள் வழக்கம்போல, அப்பா இன்னும் திட்டுகிறாரா என்று கேட்டாள். இத்தனை வாரமாகத் திட்டுகிறார் என்றே சொல்லிவந்தவருக்கு அன்று பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்லடி, இப்பல்லாம் திட்டறதில்ல" என்றார். அந்தப் பக்கம் மகள் அழ ஆரம்பித்தாள்.

"அப்ப என்னய தல முழுகிட்டாராம்மா?"

பைக்காரம்மா போனைக் கையில் பிடித்தபடியே தொட்டிக்காரரிடம் ஓடினார். உங்கள் மகள் அழுகிறாள், ஒரு வார்த்தை பேசுங்கள் என்று நீட்டினார். தொட்டிக்காரர் மிகவும் மரியாதையாக, "யாருங்க அது? நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பம்பைத் துடைக்கப் போனார். பைக்காரம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த மனுஷன் மகளை வைத்திருந்த இடமே அந்தக் கோபம்தான், வேறெங்கும் அவளை வைத்திருக்கவில்லை, இப்போது அவளையும் சேர்த்து அந்தப் பாழாய்ப்போன தகட்டில் அல்லவா தொங்கவிட்டிருக்கிறார் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துக் கப்பல் வந்து தொலைத்தது. பல்சக்கரம் மாட்டியாகிவிட்டது, நாளைக்கு ஆலை திறப்பு, தகடு காலையில் பழைய இரும்புக்காரனின் உலைக்குப் போகும் என்று மேனேஜர் அறிவித்தார். பைக்காரம்மா தகட்டைக் கேட்டார். மேனேஜர் தரமாட்டேன் என்றார். விசிறியைப் பற்றிப் பேசாத சங்கச் செயலாளர் அவருக்கு எங்கே கிடைப்பார்? கெஞ்சியதற்கும் மசியவில்லை, அழுததற்கும் மசியவில்லை. பைக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு லேப் மேடத்தைப் பார்த்தார், லேப் மேடம் ரெக்டிஃபயரைப் பார்த்தார்.

"சார், இந்தப் பட்டை ரொம்ப சுடுது. கேபிள் லூசாயிருக்கும் போல."

"எங்க? தள்ளுங்க, நான் பாக்கறேன்" என்று மேனேஜர் உள்ளங்கையை அழுத்தி வைத்தார். தன் கைக்குத் தெரியாதது உலகத்தில் இல்லை என்பது அவருடைய நம்பிக்கை. லேப் மேடம் ரெக்டிஃபயர் குமிழைக் கொஞ்சம் தாராளமாகவே திருகினார். தகட்டில் ஈர சிமெண்டு நிறத்தில் ஒரு படலம் ஏறியது. மேனேஜர் கையை எடுத்தபோது முகம் மலர்ந்திருந்தது. தகட்டைத் தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். இத்தனை காலம் உதைத்துத் தள்ளிய நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு வீடு வீடாகப் போய் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கக் கிளம்பிவிட்டார்.

தொழிலில் இப்படி ஒரு பாவத்தை யாரும் செய்ய மாட்டார்கள். படிந்த அழுக்கைத் திருப்பிக் கரைப்பதென்றால், குளித்துவிட்டு வந்து அதே சேற்றில் இறங்குவது. அதனால் லேப் மேடம் பெரிய தொட்டியைத் தொட விடவில்லை. சுத்தம் செய்யும்போது கரைசலை மாற்றி வைக்கும் காலித் தொட்டி ஒன்று மூலையில் இருந்தது. அதில் கொஞ்சம் கரைசலை இறக்கி, நிக்கல் தொங்க வேண்டிய பட்டையில் தகட்டை மாட்டினார். தகடு தொங்க வேண்டிய பட்டையை ஆள் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்தால் தகட்டிலிருப்பது கழன்று வந்து ஆளின்மேல் படியும். அவரவர் மேல் அவரவரையே முலாம் பூசும் வேலை.

சிக்கல் என்னவென்றால், கடைசியில் படிந்ததுதான் முதலில் கழலும். தொட்டிக்காரரின் கோபம் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. பைக்காரம்மா தெருத் தெருவாக ஓடி, கடைசியாக வந்தவர்களை முதலில் கூப்பிட்டார். முதல் படலத்துக்குச் சொந்தக்காரரான மேனேஜர் எந்த வீட்டில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாரோ, அகப்படவில்லை. காத்திருக்க நேரமில்லாமல் லேப் மேடம் ஒரு இரும்பு வாளியைப் பட்டையில் மாட்டி, அவருடையதை அதன்மேல் பூசிவிட்டார். இன்றும் அந்த வாளி இருக்கும் அறையில் நாங்கள் யாரும் உட்காருவதில்லை, தானாகவே எழுந்து நின்றுவிடுகிறோம். முடிதிருத்துபவரின் மனைவி, அந்தப் புறணி திரும்ப வேண்டவே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். அதை ஒரு சைக்கிள் மணியில் ஏற்றினார்கள். தெருவில் புது ஆள் நுழைந்தால் அது தன்னால் அடிக்கிறது, அதுவும் பழகிவிட்டது. மற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கஞ்சர் பட்டையை விட்ட கையோடு, தன்னுடையதில் கொஞ்சம் குறைகிறது என்று சண்டைக்கு வந்தார். சங்கச் செயலாளரின் மனைவி மட்டும் வெகுநேரம் வாசலிலேயே நின்றார். உள்ளேயிருந்து வந்த ஆவியில் இருமல் வந்ததும், சரி போய்த் தொலையுங்கள் என்று கணவரை உள்ளே தள்ளினார். அவர் பட்டையை விட்டதும் கேட்ட முதல் கேள்வி விசிறியைப் பற்றித்தான்.

கடைசியில் தொட்டிக்காரர் மட்டும் மிஞ்சினார். அவர் மகிழ்ச்சியாக வந்து பட்டையைப் பிடித்தார். "உங்களுக்கு நல்லதுன்னா சரிங்க" என்று மனைவியிடம் சொன்னார். லேப் மேடத்தின் முகம் வாடியிருந்தது. மேல் படலங்கள் கழலும்போது தகட்டின் இரும்பும் சேர்ந்து அரித்துவிட்டது, இனி மின்சாரம் கொஞ்சம் கூடினாலும் கோபம் அவர்மேல் ஏறாமல் தூள் தூளாக உதிர்ந்து சேறாகப் போய்விடும் என்றார். சொல்லி முடிப்பதற்குள் தகட்டில் ஒரு ஓட்டை விழுந்து, அந்தப் பக்கத்துச் சுவர் தெரிந்தது. கறுப்பாக ஒரு செதில் கழன்று அடியில் போய் உட்கார்ந்தது.

பைக்காரம்மா ஐயோ என்று கத்திவிட்டுத் தையல் மெஷினுக்கு ஓடினார். நிக்கல் துண்டு கரையும்போது உதிரும் கசடு தொட்டியில் கலக்காமலிருக்கத்தான் பை தைக்கிறார்கள், தைத்துத் தைத்து அவர் விரல் காய்த்துப் போயிருந்தது. தகட்டின் அளவுக்கு ஒரு பை தைத்து, கையுறையை மாட்டிக்கொண்டு கரைசலுக்குள் முழங்கைவரை விட்டு, தகட்டுக்கு அதை உடுத்திக் கழுத்தில் இறுக்கிக் கட்டினார். அடியில் கிடந்த செதிலையும் சல்லடைக் கரண்டியால் துழாவி எடுத்துப் பைக்குள் போட்டார். இனி உதிர்ந்தாலும் உள்ளேயேதான் கிடக்கும், கிடந்து கரைந்துதான் ஆக வேண்டும். ஒரு துளி மிச்சமில்லாமல் வாங்கிக்கொடுத்துவிட வேண்டும், ஒரு துளி குறைந்தாலும் அது என் பிள்ளையாக இருந்துவிட்டால் என்ன செய்வேன் என்று முணுமுணுத்துக்கொண்டே தொட்டியருகில் நின்றார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. தொட்டிக்காரர் எல்லோரையும் பார்த்துப் புன்னகைத்தார். பிறகு ஒரு புருவம் லேசாக நெளிந்தது. பம்ப் பக்கம் திரும்பி, அது ஏன் இப்படிக் கத்துகிறது என்று கேட்டார், ஆனால் மரியாதையாகத்தான் கேட்டார். காது சிவந்தது. கழுத்து நரம்பு ஒன்று எழுந்தது. பைக்குள் என்னவோ பொருமிக் குமிழி விட்டது. குமிழிகள் அடங்கியதும் தொட்டிக்காரர் பட்டையை உதறிவிட்டுத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"யாருடி இந்தப் பையத் தெச்சது? தையல் கோணக் கோணலா இருக்கு! கண்ணு பொடனிலயா இருக்கு உனக்கு?"

தையல் நேராகத்தான் இருந்தது. பைக்காரம்மா அழுதார், சிரித்தார், கையுறை ஈரத்தோடு முகத்தைத் துடைக்கப் போனார், லேப் மேடம் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"என்ன இளிப்பு? ஆமா, அந்தக் கழுதை போன் பண்ணுச்சா இல்லையா?"

"பண்ணுச்சு. ஓன்னு அழுதுச்சு."

"அழுதாளா? எவன் அழ வெச்சான்? அந்த முட்டை உடைக்கிற பயலா? குடு அந்த போன!"

மகள் எடுப்பதற்குள்ளேயே அவர் கத்த ஆரம்பித்துவிட்டார். சொல்லாமல் போனதற்குத் திட்டினார், போனவள் எட்டிப் பார்க்காததற்குத் திட்டினார், கடல் காற்று அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தும் துறைமுகத்தில் வீடு பார்த்ததற்குத் திட்டினார், மருமகனைத் திட்டினார், அவனுடைய முட்டைகளைத் திட்டினார். ஆலை வாசலில் நின்றிருந்த கூட்டம் ரசித்துக் கேட்டது. மூச்சு வாங்க நிறுத்தியவர் கடைசியாக, "சாப்டியா இல்லையா? அதயாவது சொல்லித் தொல!" என்று அலறினார்.

மகள் எந்தத் தொட்டியையும் தொட்டவளில்லை. அப்பன் கத்திய அதே சத்தத்தில் அங்கிருந்து அவளும் கத்தியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"இத்தன நாளா எங்கப்பா போயிருந்தீங்க?"

தொட்டிக்காரர் ஈரப் பைக்குள் ஓட்டை ஓட்டையாகத் தொங்கிய தகட்டைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்தார்.

"எங்கயும் போகலடி. இங்கதான் கெடந்தேன். ஆலை மூடியிருந்துச்சு" என்றார்.

மறுநாள் காலை ஆலை திறந்தது.